ஐவர் சுழற்றும் ஒற்றைக் கைப்பிடி

திருகையில் மாவு அரைத்த காலத்தில், வேலை மிகுந்த நாட்களில் இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே கைப்பிடியைப் பிடித்துச் சுற்றுவார்கள். ஒருத்தி தள்ளும்போது மற்றவள் இழுப்பாள். கல் நிற்காமல் ஓடும். அந்தத் திருகையைச் சுற்றி இப்போது ஐந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் தமக்கு நேரே, முன்னும் பின்னுமாக மட்டுமே கையை அசைக்கலாம். ஐவருக்கும் கைப்பிடி ஒன்றுதான். ஒருவர் தள்ளி ஓய்வதற்குள் இன்னொருவர் தள்ளத் தொடங்கிவிட வேண்டும்.

ரேடியல் எஞ்சின் இப்படித்தான் ஓடுகிறது. உட்கார்ந்திருப்பவர்கள் பிஸ்டன்கள். கைப்பிடி, கிராங்க் தண்டின் ஒற்றை முள். கல்லுக்குப் பதில் முன்னால் ஒரு விசிறி. கார் எஞ்சினில் சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் கிராங்கில் தனி வளைவு வேண்டும், தண்டு நீளும், அதைத் தாங்கும் கூடும் நீளும், எடை ஏறும். சிலிண்டர்களை நட்சத்திரம் போலச் சுற்றி நிறுத்திவிட்டால் ஒரே ஒரு வளைவு போதும். கிராங்க் குட்டையாகிவிடுகிறது. ஐந்து சிலிண்டர்களும் எதிர்க்காற்றைப் பார்த்தபடி நிற்பதால் குளிர்விக்கத் தண்ணீரும் தேவையில்லை. எடைதான் முதல் எதிரி என்றிருந்த விமானத்துக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு நெடுங்காலம் கிடைக்கவில்லை.

இந்த எஞ்சினைக் கைக்கடக்கமாக, மாதிரி விமானத்துக்காக, வீட்டுப் பட்டறையில் தாமே செய்பவர்கள் உலகின் பல ஊர்களில் இருக்கிறார்கள். கடையில் கிடைக்காத பொருளல்ல இது. ஜப்பானின் ஓ.எஸ். நிறுவனம் ‘சிரியஸ்’ என்ற பெயரில், 50 சி.சி.க்குச் சற்றே குறைந்த ஐந்து சிலிண்டர் எஞ்சினை விற்றிருக்கிறது. அமெரிக்காவில் 1940களிலேயே ‘மார்ட்டன் எம்-5’ என்ற குட்டி ரேடியல் வந்துவிட்டது. இருந்தும் சிலர் ஒரு சின்ன லேத்தையும் மில்லிங் மெஷினையும் வைத்துக்கொண்டு, அலுமினியக் கட்டியிலும் எஃகுக் கம்பியிலும் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் மாலைப்பொழுதுகளைச் செலவிடுகிறார்கள். ஏன் என்பது எனக்குப் புரிகிறது. ஐந்து பிஸ்டனுக்கு ஒரே கைப்பிடி என்று முடிவுசெய்த அந்தக் கணத்திலிருந்தே இந்த எஞ்சினின் புதிர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. எஞ்சினை வேடிக்கை பார்ப்பவருக்கு அவை தெரிவதில்லை. செய்பவர் ஒவ்வொன்றையும் தம் கையாலேயே அவிழ்த்தாக வேண்டும்.

அப்படி முதலில் அவிழ்க்கப் புகுந்தவர்களில் ஒருவர் சார்லஸ் மேன்லி. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனச் செயலர் சாமுவேல் லாங்லி, மனிதன் ஏறிப் பறக்கும் ‘ஏரோட்ரோம்’ என்ற ஊர்தியை உருவாக்க 1898இல் அரசிடம் 50,000 டாலர் பெற்றார். அதற்கான எஞ்சினை நியூயார்க்கைச் சேர்ந்த ஸ்டீஃபன் பால்சரிடம் ஒப்படைத்தார். பால்சரின் எஞ்சினில் கிராங்க் அசையாது. சிலிண்டர்களே அதைச் சுற்றிச் சுழலும். கேட்ட திறனை அது தரவில்லை. லாங்லியின் இளம் உதவியாளராக இருந்த மேன்லி பொறுப்பை ஏற்று, சிலிண்டர்களை நிறுத்திவைத்துக் கிராங்கைச் சுழலவிட்டார். தண்ணீரால் குளிரும் ஐந்து சிலிண்டர் ரேடியல் அது. தண்ணீரையும் சேர்த்து 95 கிலோவுக்கும் குறைந்த எடையில் 52 குதிரைத்திறன் தந்தது. 1903இல் ரைட் சகோதரர்கள் பறந்த எஞ்சின் ஏறத்தாழ 80 கிலோ எடைக்குத் தந்தது 12 குதிரைத்திறன்தான்.

மேன்லியின் கதையில் என்னை அதிகம் இழுப்பது அந்தப் பெரிய எஞ்சினைவிட, அதற்கு முன்னோட்டமாக வந்த சின்ன எஞ்சின். ஏரோட்ரோமைக் கால் பங்கு அளவில் ஒரு மாதிரியாகச் செய்து பார்த்தார்கள். அதற்கென்றே ஐந்து சிலிண்டரில் ஒரு குட்டி ரேடியல், மூன்று குதிரைத்திறனுக்குச் சற்று மேல். 1901 ஜூன் 18 அன்றும், மேம்படுத்திய எஞ்சினுடன் 1903 ஆகஸ்ட் 8 அன்றும், ஆள் ஏறாமல் அது பறந்தது. காற்றைவிடக் கனமான ஓர் ஊர்தி பெட்ரோல் எஞ்சினின் பலத்தில் பறந்தது அதுவே முதல் தடவை என்று கருதப்படுகிறது. அப்படியென்றால், இன்று பட்டறையில் குனிந்து உட்கார்ந்து ஐந்து சிலிண்டர் மாதிரி எஞ்சின் செய்பவர், பெரிய விமான எஞ்சினைப் பார்த்துச் சிறிதாக நகல் எடுக்கிறார் என்று சொல்லிவிட முடியாது. சின்னதுதான் முதலில் பறந்தது. பெரிய ஏரோட்ரோம் 1903 அக்டோபர் 7, டிசம்பர் 8 ஆகிய இரண்டு முயற்சிகளிலும் பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. இரண்டு தடவையும் ஓட்டியவர் மேன்லிதான். டிசம்பரின் உறைகுளிர் நீரிலிருந்து அவர் உயிரோடு மீண்டதே பெரிது. ஒன்பது நாள் கழித்து ரைட் சகோதரர்கள் பறந்தார்கள். குறை சட்டத்திலும் ஏவிய முறையிலும் இருந்தது. எஞ்சின் தன் வேலையைச் சரியாகவே செய்தது.

இனி புதிர்களுக்கு வருவோம். ஏன் ஐந்து? மூன்றும் ஏழும் ஒன்பதும் உண்டு. நான்கும் ஆறும் ஏன் இல்லை?

இடது கையை விரித்து மேசைமேல் வைத்து, ஒரு விரல் விட்டு ஒரு விரலாகத் தொட்டுப் பாருங்கள். பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல். சுண்டுவிரலுக்கு அடுத்தது மறுபடி பெருவிரல் என்று வைத்துக்கொண்டு அதைத் தாண்டினால் ஆள்காட்டி விரல். பிறகு மோதிர விரல். பிறகு பெருவிரலுக்கே திரும்பிவிடுவீர்கள். இரண்டு சுற்றில் ஐந்து விரலும் ஒரு தடவை தொடப்பட்டுவிட்டன, இடைவெளி எங்கும் மாறவில்லை. நான்கு வீச்சு எஞ்சினுக்கு வேண்டியது இதேதான். ஒரு சிலிண்டர் கலவையை உறிஞ்சி, அமுக்கி, எரித்து, புகையைத் தள்ளி முடிக்கக் கிராங்க் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். அந்த 720 பாகையை ஐந்தாகப் பிரித்தால் 144. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்களுக்கு இடையே 72 பாகைதான். ஆகவே ஒன்று விட்டு ஒன்று வெடிக்கிறது: 1, 3, 5, 2, 4.

இதையே ஆறு விரலில் செய்து பாருங்கள். ஒன்று, மூன்று, ஐந்து, மறுபடி ஒன்று. இரண்டும் நான்கும் ஆறும் முறையே வராமல் காத்துக்கிடக்கும். டக்கோட்டா விமானத்தின் எஞ்சினில் பதினான்கு சிலிண்டர் இருந்ததே என்று கேட்கலாம். அவை ஏழு ஏழாக இரண்டு வரிசை; ஒவ்வொரு வரிசையும் ஒற்றைப்படைதான். 1947 டிசம்பரில் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு ஏர் சிலோனின் முதல் டக்கோட்டா வந்திறங்கியபோது, ஓடுபாதையில் நின்றவர்கள் கேட்ட உறுமலுக்குள் இந்த ஒற்றைப்படைக் கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த புதிர்தான் எனக்கு எல்லாவற்றிலும் அழகானது. ஒரு முள்ளில் ஐந்து கனெக்டிங் ராடுகளை எப்படிக் கோப்பது? பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் முள் நீண்டு, சிலிண்டர்கள் முன்னும் பின்னுமாக விலகிவிடும். திருகைக்கே திரும்புவோம். ஐவரில் ஒருத்தி மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறாள். மற்ற நால்வர் அவளுடைய மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்துத் தள்ளுகிறார்கள். அந்த ஒருத்திக்கு ‘மாஸ்டர் ராட்’ என்று பெயர். அதன் கீழ்முனை ஒரு தட்டைப் போல அகன்றிருக்கும். அதைச் சுற்றி நான்கு துளை, நான்கு சிறு முள், ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி ராட். மாஸ்டர் ராடு மட்டும் கிராங்க் முள்ளை நேராகத் தழுவுகிறது.

இதில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. மாஸ்டர் ராடு மேலும் கீழும் போகும்போது இருபக்கமும் சாய்ந்தாடும். அதன்மேல் தொற்றிக்கொண்டிருக்கும் மற்ற நான்கும் அந்தச் சாய்வையும் சேர்த்தே சுமக்கின்றன. அதனால் அவற்றின் பிஸ்டன்கள் உச்சியைத் தொடும் நேரம் கணக்குப்படி வர வேண்டிய இடத்திலிருந்து ஓரிரு பாகை முன்னோ பின்னோ நகர்ந்துவிடுகிறது. ஐந்தும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றுபோல நடப்பதில்லை. பெரிய விமான எஞ்சின்களில் தீப்பொறி தரும் மேக்னெட்டோவின் கேமில் சிலிண்டருக்கு ஒன்றாகத் தனித்தனி மேடு செதுக்கி இந்தப் பிசகை ஈடுகட்டினார்கள். சின்ன எஞ்சின் செய்பவர் பெரும்பாலும் அதைப் பொறுத்துக்கொள்கிறார். ஆனாலும் அமுக்க விகிதம் ஐந்திலும் ஒத்துவருகிறதா என்று, ஒவ்வொரு பிஸ்டனும் எவ்வளவு மேலே வருகிறது என்பதை டயல் கேஜ் வைத்து அளக்காமல் விடமாட்டார்.

அந்த மாஸ்டர் ராடை முள்ளில் மாட்டுவதற்கும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். கிராங்க் ஒரே துண்டாக இருந்தால் ராடின் வளையத்தை இரண்டாக அறுத்து போல்ட் போட்டுப் பூட்ட வேண்டும். ராடு முழு வளையமாக இருந்தால் கிராங்கை இரண்டு துண்டாகச் செய்து, ராடை நுழைத்தபின் இறுக்கிச் சேர்க்க வேண்டும். முதல் வழியில் நான்கு குட்டி ராடுகளுக்கு நடுவே போல்ட்டுக்கு இடம் தேடித் திண்டாட வேண்டும். இரண்டாவது வழியில் கிராங்கின் இரண்டு பாதிகளும் நேர்கோட்டில் நிற்கின்றனவா என்பது தூக்கத்தைக் கெடுக்கும்.

ஐந்து பக்கக் கிராங்க் கூட்டைக் கடைவதற்குப் பட்டறையின் பழைய கருவி ஒன்று கைகொடுக்கிறது. அதன் பெயர் டிவைடிங் ஹெட். அதன் கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் வேலைப்பொருள் ஒரு முழுச் சுற்று திரும்பும். ஐந்து சிலிண்டருக்கு 40ஐ ஐந்தால் வகுத்தால் 8. எட்டு சுற்றுக்கு ஒரு முகம், மீதி எதுவும் இல்லை. ஒன்பது சிலிண்டர் என்றால் நான்கு சுற்றும் ஒன்பதில் நான்கு பங்கும். அதாவது நான்கு முழுச் சுற்று, பிறகு 18 துளை வரிசையில் 8 துளை. ஏழு என்றால் ஐந்து சுற்றும், 21 துளை வரிசையில் 15 துளையும். ஒரு துளையைத் தவறாக எண்ணிவிட்டால் பல வார வேலை அலுமினியத் துண்டாகிப் பழைய இரும்புக் கூடைக்குப் போகும். கணினி ஓட்டும் இயந்திரம் இன்று இதை எண்ணாமலே செய்துவிடும். கையால் எண்ணிச் செய்தவருக்குத் தம் எஞ்சினின் கோணங்கள் விரல்நுனியில் தங்கிவிடுகின்றன என்பது வேறு.

இப்போது வால்வுகள். ஐந்து சிலிண்டருக்குப் பத்து வால்வு. கார் எஞ்சின் போலச் செய்தால் ஒவ்வொன்றையும் தூக்கித் திறக்க ஒரு கேம் வேண்டும், கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றும் தண்டுகள் வேண்டும். ரேடியலுக்கு இரண்டே வளையம் போதும்: உள்வால்வுகளுக்கு ஒன்று, வெளிவால்வுகளுக்கு ஒன்று. ஒவ்வொரு வளையத்திலும் எதிரெதிரே இரண்டு மேடு. அந்த வளையம் கிராங்குக்கு எதிர்த் திசையில், கிராங்கின் கால் பங்கு வேகத்தில் மெல்ல ஊர்கிறது.

இது எப்படிப் போதும்? கணக்குப் போட்டே பார்க்கலாம். முதல் மேடு இப்போது ஒன்றாம் சிலிண்டரின் வால்வைத் தூக்கி நிற்கிறது; இரண்டாவது மேடு நேரெதிரே, 180 பாகையில். அடுத்த முறை மூன்றாம் சிலிண்டருக்கு. அது இருப்பது 144 பாகையில், அதன் நேரம் வருவதும் கிராங்க் 144 பாகை சுற்றியபின். அதற்குள் வளையம் பின்னோக்கி 144இல் கால் பங்கு, அதாவது 36 பாகை நகர்ந்திருக்கும். 180இல் 36 போனால் 144. இரண்டாவது மேடு மிகச்சரியாக மூன்றாம் சிலிண்டரின் கீழே வந்து நிற்கிறது! அடுத்த 144 பாகையில் முதல் மேடு ஐந்தாம் சிலிண்டருக்குக் கீழே. இப்படியே எல்லாருக்கும் முறை தவறாமல் கிடைத்துவிடுகிறது. கிராங்கோடு ஒரே திசையில் சுற்றவிடுவதானால் மூன்று மேடும் ஆறில் ஒரு பங்கு வேகமும் வேண்டும். ஒன்பது சிலிண்டருக்கு, எதிர்த் திசை என்றால் நான்கு மேடு, எட்டில் ஒரு பங்கு வேகம். தாளில் இதைப் போட்டுப் பார்த்து, விடை ஒத்துவந்த நொடியில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. யாரோ வகுத்த ஏற்பாடு போலத் தோன்றவில்லை. வட்டத்துக்குள் முன்பே இருந்த ஒன்றைப் பொறியாளர் கண்டெடுத்தது போலத்தான் இருந்தது.

அதிர்விலும் ஒரு கொடை காத்திருக்கிறது. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் பாய்வதால் எழும் உதறலை முழுதாக அடக்க வழியில்லை. கிராங்கின் மறுபக்கம் எடை வைத்தால் மேல்கீழ் உதறல் குறைந்து பக்கவாட்டில் உதறும். சம இடைவெளியில் நின்ற ஐந்து பிஸ்டன்களின் உதறல்களைக் கூட்டிப் பாருங்கள். ஐந்து நேர்கோட்டு ஆட்டங்களும் சேர்ந்து, அளவு மாறாமல் வட்டமாகச் சுற்றும் ஒரே இழுப்பாகிவிடுகின்றன. இரண்டரைப் பிஸ்டன் எடை கிராங்க் முள்ளில் குந்தியிருப்பதற்கு அது சமம். எதிர்ப்பக்கம் அதே அளவு எடையை வைத்துவிட்டால் அந்த இழுப்பு மறைந்துபோகும். மாஸ்டர் ராடின் சாய்வால் வரும் சிறு நடுக்கம் மட்டும் மிஞ்சும். அதனால்தான் எதிர் எடையைக் கடையும் முன் பிஸ்டனையும் ராடையும் பொற்கொல்லர் தராசில் வைப்பதுபோல எடை பார்க்கிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் எஞ்சின் பெரிதானாலும் சிறிதானாலும் ஒன்றுதான். சிறிதாக்கும்போது மட்டும் வரும் தொல்லைகள் வேறு. அளவைக் கால் பங்காக்கினால் சிலிண்டரின் பரப்பு பதினாறில் ஒன்றாகும், கொள்ளளவு அறுபத்து நான்கில் ஒன்றாகும். எரியும் கலவைக்கு ஒப்பிட்டால், சூட்டைக் களவாடும் சுவர் நான்கு மடங்கு. கசிவும் அப்படித்தான். பெரிய எஞ்சினில் பொருட்டே இல்லாத ஓர் இடைவெளி, இங்கே அமுக்கத்தை முழுதாகக் குடித்துவிடும். தலைமுடி ஒன்றின் பருமனை ஏழெட்டாக வகுத்தால் வரும் ஒரு பங்கு, மில்லிமீட்டரில் நூறில் ஒன்று. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே பேசப்படும் கணக்கு அந்த அளவில்தான்.

பிஸ்டன் ரிங்கை வார்ப்பிரும்பில் மெல்லிய வளையமாகக் கடைந்து, ஓரிடத்தில் பிளந்து, பிளவை விரித்துப் பிடித்தபடி சூடேற்றுவார்கள். ஆறியதும் அந்த விரிந்த வடிவம் நிலைத்துவிடும். சிலிண்டருக்குள் திணித்தால் எல்லாப் பக்கமும் சுவரை அழுத்தியபடி நிற்கும். வால்வை அதன் இருக்கையில் தேய்ப்புப் பசை தடவிக் கையால் திருப்பித் திருப்பித் தேய்ப்பார்கள். பிறகு மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிகிறதா என்று பார்ப்பார்கள். நம் ஊர் மெக்கானிக்குகள் செய்கிற அதே சோதனைதான்.

தீப்பொறிக்குப் பதிலாக ‘குளோ பிளக்’ வைப்பவர்கள் உண்டு. அதனுள் பிளாட்டினம் கலந்த சிறு கம்பிச் சுருள். பேட்டரியால் முதலில் சிவக்கச் சூடேற்றிவிட்டால், பிறகு மெத்தனால் ஆவியைப் பிளாட்டினம் தானே வினைபுரியத் தூண்டித் தன் சூட்டைக் காத்துக்கொள்ளும். 1947இல் அமெரிக்கர் ரே ஆர்டன் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தபின் மாதிரி விமானங்கள் காயிலையும் பேட்டரியையும் சுமப்பது பெரிதும் நின்றது. எரிபொருளோடு கலக்கும் மசகு நமக்கு நன்றாகத் தெரிந்த விளக்கெண்ணெய். முதல் உலகப் போரில் சிலிண்டர்களே சுழலும் எஞ்சின்களுக்கும் இதைத்தான் ஊற்றினார்கள், ஏனென்றால் அது பெட்ரோலில் கரைந்து நீர்த்துப்போகாது. மெத்தனாலிலோ அது நன்றாகக் கரையும். கரைந்து, எரிபொருள் போகுமிடமெல்லாம் கூடவே போய், கடும் சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாமல் ஒட்டிநிற்கும். குழந்தைக்கு வயிற்றைச் சுத்தம்செய்யக் கொடுத்த எண்ணெய்க்கு இப்படியும் ஒரு வாழ்க்கை.

எண்ணெய் உதவுவதைப் போலவே ஆபத்தும் கொண்டுவரும். ரேடியலில் கீழ்ச் சிலிண்டர்கள் தலைகீழாகத் தொங்குகின்றன. எஞ்சின் நின்றபின் எண்ணெய் மெல்ல வழிந்து அங்கே தேங்கும். திரவம் காற்றைப் போல அமுங்காது. அது தெரியாமல் வேகமாகச் சுழற்றினால் ராடு வளைந்துவிடும். அதனால்தான் பெரிய விமானங்களிலும் கிளப்புமுன் விசிறியைக் கையால் சில சுற்று திருப்புவது விதியாக இருந்தது.

எஞ்சின் ஓடத் தொடங்கியபின் அதன் குரலைக் கேட்க வேண்டும். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஒற்றைச் சிலிண்டர் நொடிக்கு 25 தடவை வெடிக்கும். ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியே படபடவென்று காதில் விழும். ஐந்து சிலிண்டர் 125 தடவை. அது ஓர் ஆண் பேசும் குரலின் சுருதி. வெடிகள் ஒன்றோடொன்று கலந்து ரீங்காரமாகிவிடுகின்றன. வேகம் குறையும்போது அந்த ரீங்காரம் மெல்லப் பிரிந்து, எண்ணக்கூடிய அடிகளாக உதிரும்.

அந்த நாள் வருவதற்கு முன்பே, எரிபொருள் ஊற்றாத ஒரு மாலையில், கட்டிமுடித்த எஞ்சினைப் பட்டறை மேசையில் பூட்டி, விசிறியை ஒரு விரலால் மெதுவாகத் திருப்புகிறார் செய்தவர். விரலுக்கு ஒரு தடை தட்டுப்படுகிறது, பஞ்சுமெத்தையை அழுத்தியதுபோல, பிறகு விட்டுக்கொடுக்கிறது. மேலும் 144 பாகையில் இன்னொரு தடை. ஒன்று சற்றுத் தளர்வாக இருந்தால் எந்தச் சிலிண்டரின் வால்வை மறுபடி தேய்க்க வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும். இன்று தளர்வு இல்லை. இரண்டு சுற்றுக்கு ஐந்து தடை, ஐந்தும் ஒரே கனத்தில். வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு இன்னும் இரண்டு சுற்று திருப்புகிறார்: ஒன்று, மூன்று, ஐந்து, இரண்டு, நான்கு.